முதல் தோள்

கஸ்பார் அண்ணன் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். பஞ்சாயத்து யூனியன் சேர்மன் ஆனபிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் பெரும்பாறை எஸ்டேட் மைதானத்தில் அவர் பேசிய பேச்சுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கலாம். பாவம் இல்ல. கத்தோலிக்க வேதக்காரன் நானே சொல்றேன்" என்றார்.

அதைக் கேட்டுத்தான் என் மனைவி லீமா இறங்கி வந்தாள். நாலாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று தரித்தால் தேறமாட்டாள் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நான் எவ்வளவு கெஞ்சியும் அசையாதவள், மாதா திருவிழாவில் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுக்கிற மனிதர் சொன்னதும் தலையாட்டினாள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் கேம்ப். சேர்மன் ஜீப்பே வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை, பூசைக்கு மணியடிக்கிற கோயில்பிள்ளை ஒரு சேதி சொன்னான். மறுநாள் பிரசங்கத்தில் பங்குச் சாமியார் சேர்மனைப் பேர் சொல்லிக் கண்டிக்கப் போகிறாராம். காப்பிக் காட்டிலிருந்து மண் காலோடு சாமியார் வீட்டுக்கு ஓடினேன்.

"தோத்திரம் சாமி. திட்டுறதுன்னா அவரக் கூப்பிட்டு வச்சுத் திட்டுங்க. இல்லாட்டி கேம்ப் முடியவும் பேசுங்க. லீமா போயிட்டு வந்துரட்டும்."

சாமியார் கெட்டவர் இல்லை. லீமா ஜன்னி கண்டு கிடந்தபோது மழையில் நடந்தே வந்தவர். கண் கலங்கித்தான் சொன்னார்.

"மனுவேல், அவரு ரகசியமாப் பேசியிருந்தா நானும் ரகசியமாச் சொல்லியிருப்பேன். மைக்கு வச்சுல்ல பேசுனாரு. நான் வாய மூடிக்கிட்டிருந்தா, திருச்சபையே அப்படித்தான் சொல்லுதுன்னு ஆயிரும்."

"அப்ப எம் பொஞ்சாதி சாகட்டுமா?"

"ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி மாதிரி இருந்துக்கங்க."

"ஒத்த அறை லைன் வீடு சாமி. நீங்க வந்து இருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சாமியாரிடம் பேசுகிற பேச்சா அது? வந்துவிட்டது.

ஞாயிறு பூசையில் சொன்னபடியே செய்தார். சேர்மன் தன் பேச்சை இதே சபை முன்னால் வாபஸ் வாங்கும்வரை அவருக்குப் பூசையில் நன்மை அப்பம் கிடையாது; திருவிழாவில் முதல் தோளும் கிடையாது. கஸ்பார் அண்ணன் எழுந்தார். மாதாவே, இந்த மனுஷனை விட்டுக்கொடுக்காமல் பேச வை என்று வேண்டிக்கொண்டேன். மாதாவிடம் போய் இதை வேண்டலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவரோ தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டார்.

"தெரியாமப் பேசிட்டேன் சாமி. பாவந்தான்."

பெண்கள் பக்கம் பார்த்தேன். லீமா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே அவரை மறித்தேன். சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"நீங்க சொன்னீங்கன்னுதானண்ணே ஒத்துக்கிட்டா! வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஏலே, எங்க பாட்டன் காலத்துலருந்து எங்க தோளு அது. அடுத்தவனுக்குப் போச்சுன்னா நான் ஊருக்குள்ள நடமாட முடியுமா? ஜீப்ப அனுப்புறேன், சத்தங்காட்டாமக் கூட்டிட்டுப் போ."

ஜீப் வந்தது. ஆரன் அடித்தது. காலியாகவே திரும்பிப் போனது.

"சேர்மனே மண்டி போட்டுப் பாவம்னுட்டாரு. நான் எம்மாத்திரம்?" என்றாள் லீமா. அப்படியானால் நானே போய் ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்றேன். "எனக்காகத்தான பண்ணிக்குவீங்க? அப்ப அந்தப் பாவமும் எனக்குத்தான்" என்று சின்னவன் தலையில் என் கையை வைத்து, போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

திருவிழா ஜோராக நடந்தது. கஸ்பார் அண்ணன் முதல் தோள் கொடுத்தார். சாமியார் முகத்திலும் சந்தோஷம். அன்று பொழுது சாய்ந்ததும் நான் சத்தியம் பண்ணின நாளிலிருந்து வழக்கமாகிவிட்டபடி வாசல் தாழ்வாரத்தில் பாயை விரித்தேன். சாரல் அடித்துப் பாய் நனைந்துகொண்டிருந்தது. லீமா கதவைத் திறந்து வந்தாள்.

"உள்ள வந்து படுங்க. வெறச்சுச் சாகவா போறீங்க?"

என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆசை. அவ்வளவு பயம்.

"போயிரு லீமா, உள்ள போயிரு" என்று கத்தினேன்.

அவள் கையை விடவில்லை.