ஏணியின் வலது முழங்கால்

தீயணைப்பு நிலையத்தில் அவளை எல்லோரும் ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். உயரம் அப்படி. எரிகிற மாடியிலிருந்து ஆட்களைத் தோளில் போட்டு இறக்கியபோதெல்லாம் ஒரு கீறல்கூடப் படாதவள், பக்கத்து நிலையத்தோடு நடந்த வாலிபால் போட்டியில் எகிறிப் பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது விழுந்தாள். ‘பட்’டென்று ஒரு சத்தம். எதிரணிக்கும் கேட்டதாம்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. வலது முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது.

அவள் கணவன் வீட்டுக்குக் கீழேயே முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். விஷயம் போய்ச் சேர்ந்ததும் கடை சட்டசபையாகிவிட்டது. முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூட எழுந்து நின்று பேசினார். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்கும் தசைநாரை முட்டிக்கு முன்பக்கத்திலிருந்து எடுப்பதா, பின்தொடையிலிருந்து எடுப்பதா என்று இரண்டு கட்சிகள் உருவாகின. கணவன் தினமும் ஒரு கட்சியிலிருந்து வீட்டுக்கு வந்தான்.

“நேத்து பின்தொடைன்னீங்க?”

“அது நேத்து. இன்னிக்கு ஒரு பி.டி. வாத்தியார் முடி வெட்டிக்க வந்தாரு. முன்பக்கம்தான் இரும்பு மாதிரி நிக்குமாம்.”

“முழங்கால் என்னுதுங்க. முடிவு பண்றது உங்க கஸ்டமரா?”

மாமியார் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “எதுக்கு இவ்வளவு வழக்கு? என் கால்லேருந்து எடுத்துக்கச் சொல்லு. நான் எங்க ஓடப்போறேன்?”

இதையும் டாக்டரிடம் சொன்னார்கள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். “அத்தை கால் அத்தைக்கே இருக்கட்டும். உங்க உடம்புலயே வேண்டியது இருக்கு.”

“அறுந்ததையே தச்சுவிட முடியாதா டாக்டர்?”

“நடுவுல நைஞ்சு போயிருக்கு. தச்சாலும் நிக்காது. புதுசுதான் வைக்கணும்.” மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் முழங்காலை எடுத்து மடக்கிக் காட்டினார். “ஓடுறது, தாவுறது போக, உங்க வேலையில கால் என்னென்ன செய்யும்?”

இதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி மேஜை மேல் நகர்த்திக் காட்டினாள். “புகை மேல நிக்கும், மூச்சுக்காத்து தரையோரம்தான் கிடைக்கும். அதனால உள்ள போறதே மண்டிபோட்டுத் தவழ்ந்துதான். சில நேரம் ஆளையும் இழுத்துக்கிட்டு.”

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். “அப்போ முன்பக்க நார் உங்களுக்குச் சரிப்படாது. உறுதியா ஒட்டிக்கும், சந்தேகமே இல்லை. ஆனா மண்டி போடுறப்போ பலபேருக்குக் குத்தும்.”

“பின்தொடை?”

“மண்டி போடலாம். ஆனா குதிகாலைப் பின்னால இழுக்கிற பலம் கொஞ்சம் குறையலாம். நீங்க ஆளை இழுக்கிறவங்க.” டாக்டரின் விரல் முட்டிச்சில்லுக்கு மேலே போய் நின்றது. “இங்க ஒரு நார் இருக்கு. தடியா வரும், மண்டிபோட்டாலும் அவ்வளவா தொந்தரவு தராது. ஒரு கஷ்டம். முதல் சில வாரம் தொடை உங்க பேச்சைக் கேக்காது. அழ வச்சிரும்.”

“அழுதுக்கறேன் டாக்டர். அதையே வைங்க!”

“இதை எங்க கடையில ஒருத்தரும் சொல்லலையே!” என்றான் கணவன்.

வெளியே வந்தபோது ஊன்றுகோல் கையிலிருப்பதே மறந்துபோகுமளவுக்கு அவளுக்குள் ஒரு குதூகலம். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் பாதி நோய் பறந்துவிடுகிறது.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்னதும் அப்படியே நடந்தது. படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால், கால் மரக்கட்டையாகக் கிடந்தது. கெஞ்சினாள், அதட்டினாள், தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். தொடை சும்மா நடுங்கியது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை வழக்கம்போலத் திட்டிக்கொண்டே முயன்றாள். குதிகால் மெத்தையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. இறங்கவில்லை. அங்கேயே நின்றது.

“அத்தே! எந்திரிச்சிருச்சு!”

மாமியார் போட்ட கூச்சல் கீழே கடைவரை கேட்டது. கணவன் கத்தரிக்கோலோடு படியேறி ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால், ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டிய ஒருவர், கழுத்தில் துணியோடு. “எங்க, இன்னொரு தடவை தூக்கும்மா பாப்போம்!” என்றார் அவர். தூக்கினாள். அவர் கைதட்டினார். யாரென்றே அவளுக்குத் தெரியாது.

அதன்பிறகு நடை, படி, ஓட்டம், தாவல். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து டாக்டர் சம்மதம் சொன்ன பிறகுதான் நிலையத்தில் பரிசோதனை வைத்தார்கள். புகை நிரப்பிய பயிற்சி அறைக்குள் மண்டிபோட்டுத் தவழ்ந்து, ஆள் கனமுள்ள பொம்மையை வாசல்வரை இழுத்து வந்தாள். முட்டியில் லேசான விறைப்பு. வலி இல்லை. முகமூடியைக் கழற்றியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிகாரி கைகுலுக்கி, “ஏணி, நாளையிலேர்ந்து நீ...” என்று ஆரம்பிக்கும்போதே அபாய மணி அடித்தது. எங்கேயோ ஒரு கிடங்கில் தீ.

“நாளைக்கு எதுக்கு சார்?”

அவர் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். “சரி, ஏறு!”

வண்டி ஏற்கெனவே உருளத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய்த் தாவி ஏறினாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது.