மூன்றாவது லீக்ஸ்

1970 செப்டம்பர், இரண்டாவது சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். கத்பர்ட் ரெய்ன் தோட்டத்துக்கு வந்தபோது பாத்தியில் மூன்று லீக்ஸ் நின்றன.

நேற்று இரண்டுதான். மூன்றாவதை வியாழக்கிழமை யாரோ கத்தியால் கீறிப்போட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் டர்ஹம் சுரங்க ஊர்களில், போட்டிக்கு வளர்க்கும் இந்தத் தடித்த வெங்காயத்தாளுக்கு எதிராளிகளின் கையால் அப்படி நேர்வதுண்டு. மூன்று இருந்தால்தான் போட்டியில் வைக்கலாம். பத்தொன்பது வருடங்களாகப் போட்டியிடுகிறார். கோப்பை கிடைத்ததில்லை.

புதியது மற்ற இரண்டைவிடப் பருமன்.

"வணக்கம்," என்றது.

கத்பர்ட் வாயிலிருந்து பைப்பை எடுத்தார்.

"ஒரு வருஷமா மேலேருந்து பாக்குறோம். இதுக்குக் காவல் இருக்கீங்க. பீர் ஊத்துறீங்க. பொண்டாட்டிகிட்ட பேசாததெல்லாம் இதுகிட்ட பேசுறீங்க. இங்க ராஜா யாருன்னு புரிஞ்சுபோச்சு. அதான் இந்த உருவத்துல வந்தேன். உங்க ஜனங்களுக்கு முக்கியமான சேதி ஒண்ணு இருக்கு."

கத்பர்ட் அளவுநாடாவை எடுத்து அதைச் சுற்றி அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

"சொல்லலாம். மத்தியானம் போட்டிக்கு எல்லாரும் கிளப்புக்கு வருவாங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது."

"நாங்க மூச்சு விடுறதில்ல."

"ரொம்ப நல்லது."

மூன்று மணிக்கு நடுவர் கத்பர்ட்டின் பெயரைச் சொன்னார். கிளப் தலைவர் வில்ஃப் டுலிப் கோப்பையை நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"மூணாவது எங்கேருந்துடா முளைச்சுது?"

"ரெண்டுதான் இருந்துச்சுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

வில்ஃப் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

போட்டிக்கு வந்த லீக்ஸ் எல்லாம் அன்றைக்கே சூப்பாக வேண்டும். திருப்பி எடுப்பவனுக்குக் கோப்பை இல்லை. கிளப் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் விதி. கைதட்டலுக்கு நடுவே புதியதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நழுவிவிடலாம் என்று கத்பர்ட் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் இத்தனை பேர் கை குலுக்குவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பியபோது மேசை காலி.

அடுக்களைக்கு ஓடினார். பானை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஈடி வெட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் மிச்சம் ஒன்றுதான், அந்தப் பருமனானது.

"கோப்பையைத் தூக்கிக்கிட்டு இங்க என்ன வேலை? போய்க் கிண்ணம் எடுத்துட்டு வா."

"அதை மட்டும் விட்டுடு, ஈடி."

"ஏனாம்?"

"கொஞ்சம்... முத்தல்."

கிண்ணங்களோடு ஊரே வாசலில் நின்றது. முன்னால் வில்ஃப்.

"முத்தலா இருந்தா எடுத்துக்கிட்டுப் போ, ராசா. கோப்பையை வச்சுட்டுப் போ."

கத்பர்ட் கோப்பையைப் பார்த்தார். அடியில் பெயர் பொறிக்க ஓர் இடம் மிச்சமிருந்தது. கோட்டின் கையால் அதைத் துடைத்தார்.

"பத்தொன்பது வருஷம் இதைப் பத்தியே பொலம்பிட்டு, இப்ப என்ன முழிக்கிற?" என்றாள் ஈடி. வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியை ஓங்கினாள்.

பலகையிலிருந்து சந்தோஷமான ஒரு குரல் வந்தது.

"கத்பர்ட், எல்லாரும் வந்தாச்சு போலிருக்கே. இப்போ பேசலாமா?"