முதல் விருப்பம்

…ஏழு, எட்டு, இன்னும் வாயைத் திறக்கக் கூடாது, பத்து வரை எண்ணணும் என்றுதான் வழிகாட்டிப் பயிற்சியில் சொன்னார்கள், பிள்ளை கேட்டதும் நீங்கள் பதில் சொல்லிவிட்டால் முடிவு உங்களுடையதாகிவிடும், பேசாமல் இருங்கள், அந்த அமைதியில் அவர்களே யோசித்துக்கொள்வார்கள்… ஷிலான் எண்ணிக்கொண்டிருந்தாள். எதிரே ஹோதன், பதினைந்து வயது, நடுவில் கணினி, திரையில் விண்ணப்பம், முதல் விருப்பம் மேல்நிலைப் பள்ளி, இரண்டாவது பராமரிப்பாளர் படிப்பு, முதலாவதில் இடம் கிடைத்தால் இரண்டாவது தானாகக் கழிந்துவிடும், அதனால் எது மேலே எது கீழே என்பதுதான் எல்லாமே, மூன்று மணிக்குப் பின்லாந்து முழுக்க விண்ணப்பம் மூடிவிடும், இப்போது இரண்டு முப்பத்தைந்து. "மேல்நிலைப் பள்ளிய முதல்ல போட்டது சரிதானே அக்கா?" இவ்வளவுதான் கேட்டாள். இந்த ஊரில் ஆசிரியரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அறையில் வேறு யாரும் இல்லாதபோது மட்டும் இந்தச் சோமாலிப் பெண்ணுக்கு அவள் அக்கா… அக்கா என்று கேட்டால் அது வேறு கேள்வி இல்லையா? ஒன்பது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் வைக்கிற பட்டாணி சூப் வாசம், சுவரில் 'உன் முடிவு உன் கையில்' என்று பெரிய எழுத்து, யார் ஒட்டினார்களோ.

அப்போது ஷிலானுக்கும் பதினைந்து, ஈராக்கின் சுலைமானியாவிலிருந்து வந்து நாலு வருஷம், இதே மாதிரி மேசை, அந்தப் பக்கம் வழிகாட்டி ஆசிரியை மரித்தா, நல்ல மனுஷி, இன்றைக்கும் நல்ல மனுஷி என்றுதான் சொல்லணும், அதுதான் எரிச்சல். மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கணும், அதற்கு மேல்நிலைப் பள்ளி போடலாமா என்று கேட்டாள், மரித்தா காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி பேசாமல் இருந்தாள். ஷிலான் வீட்டில் பெரியவர்கள் பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம், அப்பாவிடம் ஒன்றைக் கேட்டு அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது, திரும்பக் கேட்பதுதான் மரியாதைக்கேடு. சரி, எனக்குத் தகுதி இல்லை, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறாள் பாவம்… "பராமரிப்பாளர் படிப்பையே முதல்ல போட்டுடறேன்" என்று இவளே சொன்னாள். "பாத்தியா, நீயே முடிவெடுத்துட்ட!" என்று மரித்தா முகம் மலர்ந்தாள். அப்புறம் மூணு வருஷம் படிப்பு, ஆறு வருஷம் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகு போனதுதான் மிச்சம், யாரும் பிடித்துத் தள்ளவில்லையே, யாரிடம் போய்ச் சண்டை போடுவது? போன இலையுதிர் காலத்தில்தான், குடியேறிய பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவம் உதவும் என்று இந்தப் பள்ளிக்கூடம் வேலைக்கு எடுத்து, பயிற்சிக்கு அனுப்பி, அங்கே காப்பியோடு தின்ன ஒரு இனிப்புப் பன்னைக் கையில் கொடுத்துச் சொன்னார்கள், மௌனம் என்பது மரியாதை, யோசிக்க இடம் விடுவது என்று. அப்படியென்றால் மரித்தா வேண்டாம் என்று சொல்லவே இல்லை… பன்னை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பத்து. "என்னக்கா, முறைக்கிறீங்க?" "முறைக்கலையே. நீ என்ன நினைக்கிற?" "நான் நெனச்சதத்தான் போட்டிருக்கேனே. வீட்ல யாரு பாத்திரம் கழுவணும்னு வாதாடி அண்ணனையே கழுவ வைக்கிறவ நான், நீதிபதி ஆகாம வேற என்ன ஆவேன்?" என்று ஹோதன் சிரித்தாள். ஷிலானும் கூடச் சிரித்திருக்கலாம், சிரித்திருந்தாலே போதும், அது சரி என்றாகியிருக்கும். இவள் மதிப்பெண் சராசரி எட்டுப் புள்ளி ஒன்று, பத்துக்கு, தாராளமாக இடம் கிடைக்கும், "கிடைக்கும்டி, அப்படியே விடு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. "அம்மாதான் பராமரிப்பாளர்னா மூணு வருஷத்துல சம்பளம்னு சொல்லிட்டே இருக்காங்க…" ஷிலான் பேனாவைப் பார்த்தாள். "நீங்களும் அதானே படிச்சீங்க?" "ஆமா." "நல்லாத்தானே இருக்கீங்க?" இதற்குமா எண்ணணும்? எண்ணவில்லை, சும்மாதான் இருந்தாள். ஹோதன் முகத்திலிருந்த சிரிப்பு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது, அந்தச் சுருக்கம் ஷிலானுக்கு உள்ளே இருந்து தெரிந்த சுருக்கம், ஹோதனின் கை மவுஸைப் பிடித்தது, இரண்டாவது மேலே போயிற்று, முதலாவது கீழே வந்தது, அனுப்பியாயிற்று. "சரிக்கா. நானே முடிவெடுத்துட்டேன்." "நல்லது" என்று ஷிலானின் வாய் சொன்னது, அவளைக் கேட்காமலே.

பை தோளில் ஏறியது, கதவு சாத்திக்கொண்டது, மணி இரண்டு நாற்பது. பதிவுத்தாளில் 'மாணவர் சுயமாக முடிவெடுத்தார்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போடணும். மூன்று மணி வரை மாற்றலாம், போனிலேயே மாற்றலாம், பேருந்து நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள், ஒரு போன் போதும். பயிற்சியில் அப்படித்தானே சொன்னார்கள், விதி அப்படி… இல்லை, விதி பத்தோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு இருந்த மௌனம் யாருடையது? அந்தப் பெண்ணின் வீட்டிலும் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று இந்தக் கட்டடத்திலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதற்காகத்தானே சம்பளம். தெரிந்தே… எண்ணைத் தேடி எடுத்துவிட்டாள், விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நிற்கிறது, இரண்டு நாற்பத்தி மூன்று. 'மாத்திடு' என்று சொல்லிவிடலாம், அது கஷ்டமில்லை, ஆனால் ஏன் அப்பவே சொல்லலக்கா என்று கேட்பாளே, என்ன சொல்வது, அந்த இரண்டு வரியும் இடம் மாறிய நேரத்தில் நெஞ்சுக்குள் ஒன்று லேசானதே, பத்து வருஷமாக ஒற்றையாய் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்ததே, அதையா…