புள்ளி இல்லாத பத்துச் சுற்று

டிரெய்லரை இழுத்துக்கொண்டு பிக்கப் தெருவில் இறங்கப் போன நேரம் சுவாமிநாதன் குறுக்கே வந்து நின்றார். இந்திராதேவியின் அண்ணன். தங்கையின் கணவர் நகுலேஸ்வரன் வெள்ளிக்கிழமை காலமான செய்தி கேட்டு நியூஜெர்சியிலிருந்து பறந்து வந்தவர். வந்த நிமிடத்திலிருந்து லிவர்மோர் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“எங்க வெளிக்கிடுறியள்?”

“ரேஸுக்கு, மாமா,” என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மகள் நிருஜா.

“பிரேதம் இன்னும் எரியேல்ல. துடக்கு வீடு. தகப்பன் செத்து மூண்டாம் நாள் கார் ஓடப் போறியோ?”

“ஃபியூனரல் ஹோம்ல புதன்கிழமைதான் டைம் தந்திருக்கினம். ரேஸ் இண்டைக்குத்தான்.”

பக்கத்து சீட்டில் இருந்த இந்திராதேவிக்கு அண்ணன் சொன்னது பிழையாகப் படவில்லை. செத்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. கோயிலுக்கே போகக்கூடாத வீட்டிலிருந்து ரேஸுக்குப் போவதா? அதுவும் அந்தக் காருக்காகவா?

அந்தக் காரை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஒற்றை சீட், மோட்டார் சைக்கிள் எஞ்சின், குளியல் தொட்டி அளவு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில வருடத்தில் இங்கிலாந்தில், சும்மா கிடந்த விமானத்தளம் ஒன்றில் நடந்த சின்ன ரேஸில் ஓடியதாம். சாம்பியன்ஷிப்பில் சேராத, புள்ளி இல்லாத வெறும் பத்துச் சுற்று. அதையும் முடிக்காமல் எட்டாவது சுற்றில் செயின் அறுந்து நின்றுவிட்டது. பிறகு எங்கேயும் அது ஒரு ரேஸை முடித்ததில்லை. பென்ஷன் எடுத்த மனுஷன் அதை வாங்கி வந்து பதினொரு வருடம் கராஜே கதியென்று கிடந்தார். பத்துச் சுற்றையும் முடிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கண் மங்கிய பிறகு மகளை ஓடப் பழக்கினார்.

இன்றைக்குப் பழைய கார்களுக்கு அதே மாதிரி பத்துச் சுற்று. சாவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, பேச்சு வர மறுத்த நேரத்திலும் அவர் அவளிடம் ஒன்று கேட்டார்.

“இந்திரா, பிள்ளையை மறிச்சுப்போடாதையும்.”

அவள் பதில் சொல்லவில்லை. கோபத்தில் சும்மா இருந்துவிட்டாள். அந்தக் கோபம் இப்போது அவளையே சுட்டது.

கண்ணாடியை இறக்கினாள். “அண்ணை, மிச்ச இருபத்தெட்டு நாளும் வீட்டிலதான் இருக்கப் போறன். இண்டைக்கு இல்லை. தள்ளி நில்லுங்கோ.”

“உனக்கு விசரோ?”

“ஓம்.”

அவர் தள்ளி நின்றார். வேறு என்ன செய்வார்?

ரேஸ் தொடங்கியதும் இந்திராதேவி கம்பி வேலியோரம் நின்று விரல் கணுக்களில் சுற்றுகளை எண்ணினாள். மற்றக் கார்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் அவர்களுடையது வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் உங்களுடையது எது என்று கேட்டார்.

“கடைசியா வாறது,” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். “என்ர ஹஸ்பண்டின்ட கார்.” சொல்லும்போது குரலில் வெட்கமே இல்லை.

எட்டாவது சுற்றில் எஞ்சின் இருமியது. அவள் வேலியை இறுக்கிப் பிடித்தாள். நிற்கக்கூடாது, இன்றைக்கு மட்டும் நிற்கக்கூடாது. கார் அவளைத் தாண்டிப் போனது. ஒன்பது. நல்ல காலம், முதலில் போனவர் நிருஜாவை ஒரு முழுச் சுற்றால் முந்தவில்லை, முந்தியிருந்தால் அவர் முடித்ததோடு இவளுடைய ரேஸும் முடிந்து பத்தாவது சுற்று கிடைத்திராது என்று கிழவர் விளக்கினார். எல்லாரும் முடித்த பிறகு, கட்டம் போட்ட கொடிக்குக் கீழே நிருஜா தனியாக வந்தாள். பத்து.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகமெல்லாம் கண்ணீர். “அம்மா, பத்தும் முடிச்சிட்டன்.”

“கண்டனான். நான் எண்ணினனான்.”

இரண்டு பேரும் டிரெய்லரின் பலகையில் இருந்தார்கள்.

“பசிக்குது,” என்றாள் இந்திராதேவி.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் வாயில் தேத்தண்ணீர் தவிர எதுவும் படவில்லை. நிருஜா ஓடிப்போய் ஒரு காகிதத் தட்டில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி வந்தாள். போகிற வருகிறவர்கள் பார்க்க, விரல் நுனியில் ஒட்டிய உப்பையும் விடாமல், இந்திராதேவி அதைச் சாப்பிட்டு முடித்தாள்.