நேராகாத சக்கரம்

புனிதாவின் இடது தோளில் ஆப்பரேஷன் செய்த டாக்டர், ஆறு மாதத்துக்குக் கனமான எதையும் இழுக்கக் கூடாது என்றார். கார் ஓட்டலாமா என்று கேட்டாள். “ஓட்டலாமே, ஸ்டீரிங் திருப்ப என்ன பலம் வேணும்?” என்று சிரித்தார். அவளுடைய காரை அவர் பார்த்ததில்லை.

அது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கைகள், தரையோடு தரையாக இருக்கும். பவர் ஸ்டீரிங் கிடையாது. ஓட்டத்தில் இருக்கும்போது வெண்ணெய் மாதிரி வளையும். நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் இரண்டு தோளும் வேலை செய்ய வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்துக்கடை நடத்தும் புனிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓர் ஆசை உண்டு. விடிந்ததும் உலு யாம் மலைப்பாதைக்குப் போய், அந்த வளைவுகளில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புவாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் எரிந்து விழாமல் வாரம் முழுக்கச் சிரித்துப் பேச அவளுக்கு அது போதுமாக இருந்தது.

விற்றுவிடலாம் என்று அவள் சொன்னபோது தம்பி குகன் ஒத்துக்கொள்ளவில்லை. கிள்ளானில், ஜாலான் காப்பார் சாலை ஓரமாக அவனுக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருந்தது.

“விக்காத அக்கா. ஃபேமிலி கார்ல இருந்து பவர் ஸ்டீரிங் ரேக் எடுத்து இதுல போட்டுத் தரேன். ஒத்த விரல்ல திருப்பலாம்.”

“வேற காரோடது இதுல உக்காருமா?”

“உக்கார வைக்கிறதுதானே என் வேல.”

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் கார்களை விற்கும் கடை ஒன்றிலிருந்து ரேக்கை வாங்கிவந்தான். இரு முன்சக்கரங்களுக்கும் நடுவே குறுக்காகப் படுத்திருந்து, ஸ்டீரிங் திரும்பும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் தள்ளும் இரும்புத் தண்டு அது. புதிதாகத் தாங்கிகள் வெட்டி, பற்றவைத்து, கார் ஜாக்கில் தூக்கியிருந்தபடியே ஸ்டீரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை சுற்றிப் பார்த்தான். எங்கும் இடிக்கவில்லை. ஒரு விரலால் சுற்றுவதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். அக்காவிடம் சாவியைக் கொடுத்தபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் புனிதாவுக்குக் கண் கலங்கியது.

முதல் தடவை அது நடந்தது அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கொண்டோவின் கார் நிறுத்தத்தில். தூணுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் காரை விட, ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தாள். உள்ளே நுழைந்ததும் நேராக்கப் பார்த்தாள். வரவில்லை. யாரோ அடியில் படுத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. கார் தானாகத் தூணை நோக்கி வளைந்துகொண்டே போனது. பிரேக்கை மிதித்தாள். பின்னால் கொஞ்சம் நகர்த்தியதும் அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். சக்கரம் விட்டுக்கொடுத்தது.

குகனுக்குப் போன் செய்தாள்.

“புது ரேக்குக்கா. செட்டாக நாள் ஆகும் லா.”

“நேரா வரமாட்டேங்குதுடா.”

“கை வலியில நீ சரியா இழுத்திருக்க மாட்ட.”

ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு உலு யாமில் கார் பிரமாதமாக ஓடியது. வளைவுகளில் ஸ்டீரிங்கை யாரும் முழுக்க ஒடிப்பதில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் திரும்பி வந்து கார் நிறுத்தத்தில் மறுபடியும் அதே பிடி. இம்முறை ‘டொக்’ கேட்கும்வரை அவள் மூச்சு விடவில்லை. தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அங்கே தினமும் ஒரு பாப்பா சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாளே காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள்.

“குகா, இத நான் ஓட்டமாட்டேன். பழையத மாட்டிடு.”

வொர்க்‌ஷாப்பில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். குகனின் முகம் சுருங்கியது. சாவியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“ஏறு. நானே ஓட்டிக் காட்டுறேன்.”

“இங்கேயே பாரு. ரோட்டுக்கு வேணாம்.”

“ஏறுக்கா.”

ஜாலான் காப்பாரில் மத்தியானப் போக்குவரத்து. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போயின. அவற்றின் சக்கரங்கள் புனிதாவின் தலைக்கும் மேலே சுழன்றன. இந்தக் காரில் உட்கார்ந்தால் எல்லாமே உயரம்தான். ஆனாலும் இன்றைக்கு அவை நெருங்கி வருவதுபோல் இருந்தது. குகன் ஒரு விரலால் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான்.

“பாத்தியா? என்ன குற இதுல?”

“முழுசா ஒடிச்சாத்தான் பிடிக்கும். யூ-டர்ன் எடுக்காத. நேராப் போயி லெஃப்ட்ல சுத்தி வா.”

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நேராகவே போயிருப்பானோ என்னவோ. சொன்னதும் வலது பக்கம் சிக்னல் போட்டான். எதிர்ச்சாலையில் இடைவெளி கிடைத்ததும் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினான்.

கார் அழகாக வட்டமடித்தது. பாதி வட்டம் முடிந்தது. நேராகவில்லை.

“குகா!”

இரண்டு கையாலும் இழுத்தான். அசையவில்லை. வலப்பக்கமே வளைந்துகொண்டு போய், சாலை நடுவே இருந்த தடுப்பில் மூக்கை இடித்துக் கார் நின்றது. பின்பாதி முழுக்க வேகப்பாதையின் குறுக்கே கிடந்தது. குகன் தலையைக் குனிந்து ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டினான். “வா... வா...” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதனிடம் கெஞ்சினான்.

அவன் தலைக்கு மேலாக, அவன் பக்கத்து ஜன்னல் வழியே புனிதா லோரியைப் பார்த்தாள். நீல நிறக் கண்டெய்னர். அதன் ஹாரன் இடைவிடாமல் அலறியது. லோரி வேகம் குறைவதுபோலவே தெரியவில்லை.

“ஸ்டீரிங்க விடு! முன்னால ஏத்து! மேல ஏத்துடா!”

அவள் அவனிடம் அப்படிக் கத்தியதே இல்லை. சின்ன வயதில்கூட இல்லை. குகன் யோசிக்காமல் எண்ணெய்ப் பெடலை மிதித்தான். காரின் அடிவயிறு சிமெண்டில் கிழிபட்டுக்கொண்டு தடுப்பின்மேல் ஏறியது. பின்னால் ஒரு இடி. உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. சீட் பெல்ட் அவளுடைய இடது தோளை அறுப்பதுபோல் இறுக்கியது. பிறகு நடுத்தடுப்பின் புல்லில் வந்து நின்றார்கள். காரின் பின்புறம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

லோரிக்காரர் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். “கீலா கா? பைத்தியமா நீ?” என்று அடிக்கக் கை ஓங்கியவர், குகனின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

குகன் புல்லில் படுத்து முன்சக்கரத்தின் உள்ளே எட்டிப் பார்த்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. புனிதா தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“ரேக் பழையதவிட அதிகமா நகருது,” என்றான், எழாமலே. “முழுசா ஒடிச்சா தள்ளுற கம்பியும் சக்கரத்தோட கையும் ஒரே கோட்டுக்கு வந்து, அதையும் தாண்டிப் போயிடுது. அப்புறம் எவ்ளோ இழுத்தாலும் அது இன்னும் உள்ளதான் போகும். ஜாக்குல தூக்கிப் பாத்தப்ப பாரம் இல்ல. அதான் தெரியல.”

“சரி, எழுந்திரு. உயிரோட இருக்கோம்ல.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“அக்கா, வீடியோவப் பாத்துட்டு இதே கார் வச்சிருக்கிற இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க. அவங்க காருக்கும் இதேதான் போட்டுக் கொடுத்தேன்.”

அந்த இருவரில், செமினியில் இருந்த கிஷன் முதல் மணியிலேயே போனை எடுத்தான். கார் வீட்டில்தான் இருக்கிறது, தொடமாட்டேன் என்றான். ரவாங்கில் இருந்த பாலன் எடுக்கவில்லை. குகன் திரும்பத் திரும்ப அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மெசேஜ் அனுப்பினான், அதையும் யாரும் பார்க்கவில்லை.

“முதல்ல உன்ன ஆஸ்பத்திரியில விட்டுட்டு...”

“கை எங்கேயும் போயிடாது. வண்டிய எடு.”

வொர்க்‌ஷாப் வரை நடந்துபோய், அங்கிருந்த வேனில் ரவாங்குக்குக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலை முழுக்கப் புனிதா குகனின் போனிலிருந்து பாலனை அழைத்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் எதிர்ப்பக்கம் விபத்து. போலீஸ் விளக்கு சுழல, வாகனங்கள் ஊர்ந்தன. குகன் வேகத்தைக் குறைத்துக் கழுத்தை நீட்டிப் பார்த்தான். வெள்ளை நிறக் கார். பாலனுடையது மஞ்சள். நெற்றியை ஸ்டீரிங்கில் ஒரு கணம் வைத்தெடுத்து மறுபடி ஓட்டினான்.

ரவாங்கில் ஒரு தாமான் குடியிருப்பில், பாலனின் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் போர்ச் காலியாக இருந்தது. அவன் மனைவி மதுமிதா கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், ஹாலில் சார்ஜில் போட்டிருந்த போன் அடித்துக்கொண்டிருந்தது. குகனின் போனிலிருந்து போன அழைப்புதான் அது.

“அவரு போனை மறந்துட்டுப் போயிட்டாரு அண்ணே. பாப்பாவுக்குப் பொறந்தநாளு. அவளக் கூட்டிட்டுக் கேக் வாங்கப் போயிருக்காரு.”

“எந்த ரோட்டுல?” என்று கேட்டாள் புனிதா.

“மெயின் ரோடுதான். அந்த ஃபேக்டரிகிட்ட யூ-டர்ன் எடுத்துத்தான் வருவாரு. ஏன் அக்கா?”

குகன் மெயின் ரோட்டை நோக்கி ஓடினான். புனிதா தோளை அணைத்தபடி பின்னாலேயே நடந்தாள். மெயின் ரோடு முனையை அடைந்தபோது மஞ்சள் கார் எதிர்ப்பக்கத்தில் யூ-டர்னுக்காகக் காத்து நின்றது. முன்சீட்டில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. எதிரே லோரிகள் வந்துகொண்டிருந்தன. குகன் கையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினான். ஹாரன்கள் அலறின. ஒரு பைக் அவன்மேல் உரசுவதுபோல் விலகிப் போனது. அவன் நிற்கவில்லை. நடுத்தடுப்பைத் தாண்டி, காரின் முன்னால் போய் இரண்டு கையையும் அதன் மூக்கில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

பாலன் கண்ணாடியை இறக்கினான். “அண்ணே! என்னண்ணே இது?”

“திருப்பாத. நேராப் போயி ஓரமா நிறுத்து. மெதுவா.”

ஃபேக்டரி வாசல் பக்கம் நிறுத்தியதும், பாலன் சிரித்துக்கொண்டே இறங்கினான். “நல்லாத்தாண்ணே ஓடுது. முழுசா ஒடிச்சா மட்டும் அப்பப்ப கொஞ்சம் பிடிக்குது. ஒரு இழு இழுத்தா வந்துடும்.”

புனிதாவும் முதல் தடவை இப்படித்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

“பாப்பாவ இறக்கு,” என்றான் குகன். அவனே உள்ளே உட்கார்ந்து, ஆளில்லாத அந்த வாசலில் காரை மெல்ல நகர்த்தி, ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தான். பிறகு இறங்கிக்கொண்டான். “இப்ப நேராக்கு.”

பாலன் உட்கார்ந்து இழுத்தான். சிரிப்பு போகவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். காலை ஊன்றி, உடம்பு முழுக்கச் சாய்ந்து இழுத்தான். சக்கரம் அசையவில்லை. அவன் பார்வை மெயின் ரோட்டில் போகும் லோரிகள்மேல் போய், அங்கிருந்து மகளின்மேல் வந்து நின்றது.

“உங்கள நம்பித்தானே அண்ணே கொடுத்தேன்,” என்றான் மெதுவாக.

“என் தப்புதான். அக்கா ரெண்டு தடவ சொல்லிச்சு. நான் கேக்கல.”

பாலன் காரை அப்படியே விட்டு இறங்கினான். மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவள் அப்பாவின் தோளுக்கு மேலாகக் காரைக் காட்டி, “கேக்கு, கேக்கு” என்று அழுதாள். புனிதா சீட்டுக்கு முன்னால் காலடியில் இருந்த கேக் பெட்டியை நல்ல கையால் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.

அவளுக்கு மறுபடியும் ஆப்பரேஷன் ஆனது. இப்போது இடது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. கடையில் மேல்தட்டு மருந்துகளை வேறு ஆள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். குகன் மூன்று ரேக்கையும் கழற்றினான். கிஷன் நன்றி சொன்னான். கழற்றிய கையோடு பாலன் காரை வேறு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டான்; அதற்குப் பிறகு குகனோடு பேசவில்லை.

அக்காளும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குகன் வேனை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருகிறான். உலு யாம் போகலாமா என்று அவன் கேட்பான். இன்னும் ஒரு தடவைகூட அவள் சரி என்று சொல்லவில்லை.