வேலை கிடைத்தவர்களின் பக்கம்

ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் முத்துராஜின் இளைய மகள் கலைமதி, பிளஸ் டூ முடித்ததும் செல்போனில் இரண்டு கிறிஸ்தவக் கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்த்தாள். மதுரைக் கல்லூரியை விடத் திருச்சிக் கல்லூரியில் இரண்டு மடங்கு பீஸ். ஆனால் அங்கே படித்தவர்களுக்குச் சம்பளம் அதிகம் என்று போட்டிருந்தது.

அந்தத் திருச்சிப் பக்கத்தின் கீழே வேலை கிடைத்தவர்களின் படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில், அங்கே படித்த அக்கா பிரகதீஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சென்னைக் கம்பெனியின் பெயரும் அவள் சம்பளமும் இருந்தன. அந்த முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே, போன வருடம், அவள் சாலை விபத்தில் இறந்துபோனாள்.

"இன்னும் வேலை பாக்குறதாவா போட்டுருக்காங்க?" என்று கேட்ட அம்மா அழகி, போனை வாங்கித் திருப்பித் தரவேயில்லை.

"நான் மதுரைக்கே போறேம்மா. பீஸும் கம்மி."

"வேணாம். திருச்சிக்கே போ. அவ அங்கதான இருக்கா."

முத்துராஜ் எங்கெங்கோ புரட்டிப் பணம் கட்டினார்.

சேர்ந்த அன்று, கல்லூரி வரவேற்பறைச் சுவரில் அதே படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள். அழகி கிட்டே போய், "தங்கச்சி வந்துருக்கா, பாத்துக்க" என்றாள்.

கலைமதி இப்போது பின்வாசல் வழியாகத்தான் வகுப்புக்குப் போகிறாள்.