கல்யாணத்துக்குப் போன வென்டிலேட்டர்

ஒரு புதன்கிழமை பகலில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு வென்டிலேட்டரும் இரண்டு சிரிஞ்ச் பம்புகளும் ஒரு மானிட்டரும் கிளம்பி, சிக்னலில் நின்று நிதானமாகச் சாலையைக் கடந்து, பதிவு அலுவலகத்துக்குக் கல்யாணத்துக்குப் போயின. அவற்றைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு வருந்தி அழைத்தால் யார்தான் போகாமல் இருப்பார்கள்?

அழைத்தவள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கும் மெஷின் அக்கா. கருவிகள் பழுதாகும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை அவள். பாட்டரியை ஆயுள் முடியுமுன்னே மாற்றுவாள். அலாரத்தை வேண்டுமென்றே அலறவிட்டு, "இருக்கேன், இருக்கேன்" என்று சமாதானம் சொல்லி நிறுத்துவாள். ஓடுகிற மெஷினை ஏன் நோண்டுகிறாய் என்று கேட்டால், நின்றபிறகு வந்து பார்க்க நானென்ன டாக்டரா என்பாள். சோதித்து முடித்ததும் ஒவ்வொன்றிடமும் சொந்தக் கதை பேசுவாள். அப்பா அம்மா இல்லாமல் விடுதியில் வளர்ந்தவள், பாவம், வேறு யாரிடம் பேசுவாள்? லிஃப்ட் ரிப்பேர்காரரோடு கல்யாணம் நிச்சயமானதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெஷின் மெஷினாகப் போய் நாள், நேரம், வழி எல்லாம் சொல்லிக் கட்டாயம் வரவேண்டும் என்றாள். எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்ற திருப்தியில், மனிதர்கள் ஒருவருக்கும் சொல்லாமலே லீவில் போய்விட்டாள்.

பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளை பக்கம் உட்கார இடமில்லை. பெண் பக்கம் ஈ காக்கை இல்லை. பெண் தரப்பில் ஒரு சாட்சியாவது வேண்டும் என்றார் பதிவாளர். நாதியற்ற பெண், என்ன ஏது என்று தெரியாது, யாரும் வராவிட்டால் எழுந்து போய்விடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா மகன் காதில் ஓதியது கூடம் முழுக்கக் கேட்டது. மகன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மெஷின் அக்கா வாசலையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் வாசலில் பீப் பீப் என்று சத்தம். முன்னால் வென்டிலேட்டர். அதன் குழாயைத் தொண்டையில் மாட்டியபடி, கட்டிலோடு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பல மாதம் கழித்து வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் வழியெல்லாம் கையாட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். பின்னால் பம்புகளும் மானிட்டரும், மூச்சிரைக்க நர்ஸும்.

மெஷின் அக்கா ஓடிப்போய் முதலில் பாட்டரியைத்தான் பார்த்தாள். சார்ஜ் நிறைய இருந்தது. நர்ஸுக்குக் கோபமான கோபம்.

"இதுங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலை பாரு."

இவர்களெல்லாம் யார் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுங்க, அத்தை," என்றாள் மெஷின் அக்கா.

வென்டிலேட்டர் பெண் வீட்டுத் தரப்பு என்பதில் பதிவாளருக்குச் சந்தேகம் எழவில்லை. அதற்குக் கை இல்லாததுதான் சிக்கல். அதன் சார்பில் கண்டக்டர் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலை ஒரு சுற்று சுற்றிவந்து, மானிட்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலுவலக உதவியாளரைக் கடிந்துகொண்டார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து எவ்வளவு நேரமாச்சு? பிளக் பாயின்ட் எங்க இருக்குன்னு காட்டுங்க."